ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு எந்த மறுபயிற்சி பொருந்தும்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"ஏ.சி.எல்.எஸ். கோர்ஸுக்குப் பணம் கட்டட்டுங்களாண்ணா, இல்ல போன்லயே பார்த்துப் படிச்சுக்கிட்டாப் போதுங்களா?"

ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. ஏ.சி.எல்.எஸ். என்பது இதய அவசர நிலைக்கான மேல்நிலைப் பயிற்சி. அவர்கள் தவிப்பு நியாயமானதுதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் தூக்கம்தான் முதலில் வேண்டும். சம்பளத்தில் கோர்ஸுக்கென்று எடுத்துவைக்க மிச்சம் இருப்பதில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோது படித்தது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது.

மங்குவது மட்டும் இல்லை, படித்த பாடமே மாறியும் போகிறது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது படித்தவர்கள், இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, அப்புறம்தான் நெஞ்சைக் கையால் அழுத்தும் நெஞ்சழுத்தம் என்று மனப்பாடம் செய்தார்கள். 2010இல் அந்த வரிசை தலைகீழானது. நெஞ்சழுத்தம் முதலில் வந்தது. அதே வருடம், இதயத் துடிப்பே இல்லாமல் மானிட்டரில் நேர்கோடு ஓடும் நிலையில் அட்ரோபின் என்ற ஊசிமருந்தைப் போடும் வழக்கம் நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. 2020இல் இதயத் துடிப்பு குறைந்தவருக்கான அட்ரோபின் அளவு 0.5 மில்லிகிராமிலிருந்து 1 மில்லிகிராமாக உயர்ந்தது. 2025 அக்டோபரில் வந்த அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல், தொண்டையில் உணவு அடைத்துக்கொண்ட பெரியவருக்கு முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாறி மாறிச் செய்யச் சொல்கிறது. கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தும் பழைய முறையையும் விடச் சொல்கிறது. ஆக, நன்றாக ஞாபகம் இருப்பதுகூட சில சமயம் பழைய பாடமாக இருக்கலாம்.

இதற்கு நம் ஊரில் ஐந்து வழிகள் இருக்கின்றன: நிறுவனமே நடத்தும் மறுபயிற்சி, பணம் கட்டிப் படிக்கும் சான்றிதழ் கோர்ஸ், அரசு மருத்துவமனை காஷுவாலிட்டியில் (அவசரப் பிரிவில்) நின்று கற்பது, போனில் படிப்பது, வண்டி ஓட்டும் பைலட்டும் பின்னால் நோயாளியைக் கவனிக்கும் இ.எம்.டி.யும் வண்டியிலேயே சேர்ந்து செய்யும் பயிற்சி.

## எதை வைத்து அளப்பது

நான் முதலில் பார்ப்பது கை. சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சும் கொடுப்பது), கையால் அமுக்கும் ஆம்பு பேக்கில் காற்றுக் கொடுப்பது, வாயில் சேரும் சளியை உறிஞ்சும் சக்‌ஷன், ரத்தக்குழாயில் ஐ.வி. போடுவது எல்லாம் மூளையைவிடக் கையில் இருக்கும் அறிவு. பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே சி.பி.ஆர். தரம் இறங்கிவிடுகிறது என்பது உலகம் முழுக்கப் பார்த்து உறுதியான விஷயம். சான்றிதழில் இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும் கை அத்தனை நாள் தாங்காது. அதனால் ஒரு வழி கைக்கு வேலை கொடுக்கிறதா என்பதே முதல் அளவுகோல்.

இரண்டாவது, படிப்பது நம் வண்டியில் இருக்கும் பெட்டியோடு ஒத்துப்போகிறதா. வண்டியில் இல்லாத மருந்தைப் பற்றி இரண்டு நாள் படித்துவிட்டு, இருக்கிற மருந்தின் அளவைத் தடுமாறிச் சொல்பவர்களை நிறையப் பார்க்கிறோம்.

மூன்றாவது, தப்பாகச் செய்தால் கையைப் பிடித்துத் திருத்த ஆள் உண்டா. நான்காவது, அந்தப் பாடம் எந்த வருடத்தியது, அதற்கு யார் பொறுப்பு. கடைசியாக மொத்தச் செலவு. கட்டணம் அதில் ஒரு பகுதிதான். விட்ட டியூட்டி, பஸ், சாப்பாடு, இழந்த தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

| வழி | கைப்பழக்கம் | நம் பெட்டியோடு பொருத்தம் | திருத்த ஆள் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| நிறுவனப் பயிற்சி | நடுத்தரம்; கூட்டத்தைப் பொறுத்தது | மிக நன்று | உண்டு | ஓய்வு நாள் போகும் |
| சான்றிதழ் கோர்ஸ் | மிக நன்று | கோர்ஸைப் பொறுத்தது | மிக நன்று | டியூட்டி, பயணம், ஆங்கிலம் |
| காஷுவாலிட்டி | நன்று | ஓரளவு | ஆளைப் பொறுத்தது | அனுமதி, அலைச்சல் |
| போன் | இல்லை | பெரும்பாலும் குறைவு | இல்லை | தப்பான அளவு மனதில் பதிவது |
| வண்டிப் பயிற்சி | நன்று | முழுப் பொருத்தம் | கூட்டாளி மட்டும் | இருவரின் தப்பும் ஒன்றாக இறுகுவது |

## நிறுவனம் நடத்தும் மறுபயிற்சி

இதற்குக் கட்டணம் இல்லை. இதைவிடப் பெரிய லாபம், எந்த மருந்தை எப்போது கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும், எதைக் கேட்காமலே தொடங்கலாம், நோயாளி விவரப் படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை வேறு எந்த கோர்ஸும் சொல்லித்தராது. நாளைக்கு ஒரு பிரச்சினை என்று வந்தால் உங்களைக் காப்பாற்றுவது இந்த நெறிமுறையும் நீங்கள் எழுதிய படிவமும்தான்.

குறை எங்கே என்றால், வகுப்பில் ஆள் நிறைய, பயிற்சிப் பொம்மையான மேனிக்கின் குறைவு. ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவது நடக்கிறது. அப்படி வகுப்பு அமைந்தால், இடைவேளையில் மேனிக்கினிடம் போய் முழு இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு வாருங்கள். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே விடுவார்கள்.

சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கும், வேறு வகை வண்டிக்கு மாற்றப்பட்டவர்களுக்கும் இதுதான் முதல் தேர்வு. அவர்கள் வெளியே பணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.

## பணம் கட்டிப் படிக்கும் சான்றிதழ் கோர்ஸ்

கோர்ஸ் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது ஏ.சி.எல்.எஸ். ஆனால் சாதாரண வண்டியில் ஓடும் பெரும்பாலானவர்களுக்கு அது முதல் செலவாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அதில் பெரிய பங்கு, மானிட்டரில் ஓடும் இ.சி.ஜி. ரிதத்தைப் படிப்பதும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரை நாமே அளவு வைத்து இயக்குவதும், அமியோடரோன் போன்ற மருந்துகளும். இவை இருக்கும் உயர்நிலை வண்டியில் ஓடினால் கட்டாயம் படியுங்கள். இல்லையென்றால், படித்த மூன்றே மாதத்தில் பாதி கரைந்துவிடும். பயன்படுத்தும் வாய்ப்பே வராது.

இதில் வெளியே சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது: மொழி. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். இ.சி.ஜி. அடிப்படை முன்பே தெரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் புத்தகத்தை ஒரு மாதம் முன்பே வாங்கி உட்காராவிட்டால் சிரமப்படுவார்கள். தாளவாடியிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ கோவைக்கு இரண்டு நாள் கோர்ஸுக்கு வருகிறவருக்கு முந்தைய நாள் பயணமும் தங்குமிடமும் சேர்ந்துகொள்ளும். கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு இடிக்கும்.

அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியான பி.எல்.எஸ். வேறு. நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடுவது, முப்பதுக்கு இரண்டு மூச்சு, தானியங்கி மின் அதிர்ச்சிக் கருவியான ஏ.இ.டி.யின் பேடு ஒட்டுவது — இதெல்லாம் எந்த வண்டிக்கும் பொருந்தும், ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. இந்தியன் ரிசசிட்டேஷன் கவுன்சில் நடத்தும் பி.சி.எல்.எஸ். பாடத்தையும் விசாரியுங்கள். மருத்துவமனைக்கு வெளியே வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களை மனதில் வைத்தே அதை அமைத்திருக்கிறார்கள். விபத்து அதிகம் வரும் சேலம்–கோவை நெடுஞ்சாலை வண்டிகளுக்கு ஐ.டி.எல்.எஸ்., பி.எச்.டி.எல்.எஸ். போன்ற விபத்துக்காயக் கோர்ஸுகள் ஏ.சி.எல்.எஸ்.ஸைவிடப் பல மடங்கு உதவும்.

யாரும் அதிகம் பேசாத இன்னொன்று பச்சிளங்குழந்தைக்கு உயிரூட்டும் பயிற்சி. பர்கூர் மலையிலோ வால்பாறையிலோ ஓடும் வண்டியில் பிரசவம் நடப்பது அபூர்வம் இல்லை. பிறந்த குழந்தை அழாவிட்டால், துடைத்து, சூடாக வைத்து, முதுகைத் தேய்த்து, அப்படியும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் ஆம்பு பேக்கில் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. சின்ன முகத்தில் மாஸ்க் சரியாகப் பதிகிறதா, நெஞ்சு எழும்புகிறதா என்பதை மேனிக்கினில் செய்து பார்க்காமல் கற்கவே முடியாது. மலை வண்டியில் இருந்துகொண்டு ஒரே ஒரு கோர்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் சொல்வது இதைத்தான். மத்திய அரசின் நவஜாத் சிசு சுரக்‌ஷா திட்டத்தின் கீழும் இந்தப் பயிற்சி உண்டு. வட்டார அரசு மருத்துவமனையில் அடுத்து எப்போது நடக்கிறது, நமக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.

## காஷுவாலிட்டியில் நின்று கற்பது

கொங்குப் பகுதிக்கென்று சில பாடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் அவை கிடையாது. கோவை, ஈரோடு, பெருந்துறை, சேலம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில்தான் இருக்கின்றன. சாணிப்பவுடர் அதில் ஒன்று. வாசல் தெளிக்க விற்ற அந்தச் சாயத்தைக் குடித்துவிட்டு வருபவரை எப்படிக் கவனிப்பது என்று அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு வரி இருக்காது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. மஞ்சள் பவுடரில் வலிப்பும் மயக்கமும் வரலாம். மூச்சுப்பாதையைக் காப்பதும் வலிப்புக்குத் தயாராக இருப்பதும்தான் வண்டியில் நம் வேலை. இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய டியூட்டி மருத்துவரும் நர்ஸ் அக்காவும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் சொல்லித்தருவார்கள்.

பூச்சிமருந்து விஷமும் அப்படித்தான். ஆர்கனோபாஸ்பேட் விஷத்தில் அட்ரோபினை எது வரை ஏற்றுவது என்பதைப் புத்தகத்தில் படிப்பதும், ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சு தெளிவதைக் காதால் கேட்பதும் வேறு வேறு. கண்மணி விரிந்ததைப் பார்த்து நிறுத்துபவர்கள் உண்டு. அது தவறான அடையாளம். நெஞ்சில் சளிச் சத்தம் அடங்க வேண்டும், துடிப்பு 80க்கு மேல் வர வேண்டும், மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேல் நிற்க வேண்டும். களைக்கொல்லியான பாராகுவாட் குடித்தவருக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை: பழக்கத்தில் உடனே ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிடக் கூடாது, அது நுரையீரல் சேதத்தைக் கூட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு உண்மையிலேயே இறங்கினால்தான் கொடுக்க வேண்டும். எனவே காலி பாட்டிலையும் சேர்த்து எடுத்துவரும் பழக்கம் எத்தனை முக்கியம் என்பது அங்கே நின்றால் புரியும்.

பாம்புக்கடியில் கட்டுவிரியன் கதை. இரவில் தரையில் படுத்தவரைக் கடித்துவிட்டுப் போயிருக்கும். தடம் தெரியாது, வீக்கம் இருக்காது. விடியற்காலையில் "வயித்து வலிங்க" என்று அழைப்பு வரும். கண் இமை சரிவதைக் கவனிக்கத் தெரிந்தவர் மூச்சு கொடுக்கத் தயாராவார். ஊரில் யாரோ இறுக்கமாகக் கயிறு கட்டி அனுப்பியிருந்தால், அதை வண்டியில் வைத்துப் படக்கென்று அவிழ்ப்பது ஆபத்து என்பதும் அங்கே கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

இன்னொரு லாபம், நாம் ஒப்படைத்த பிறகு நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பது தெரிவது. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நெஞ்சுவலிக்காரருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று பதினான்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து ஏற்றும்போது "என்ன கொடுத்தீங்க, எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க" என்று கேட்டு எழுதாவிட்டால், பெரிய மருத்துவமனையில் அதே கேள்விக்கு நிமிடங்கள் வீணாகும். இல்லாவிட்டால் மருந்து இரட்டிப்பாகும்.

செலவு? அனுமதி வாங்க அலைய வேண்டும். நிறுவனத்தின் கடிதம் இல்லாமல் தனியாகப் போய் நிற்பது சரியில்லை. சம்பளம் கிடையாது. கூட்ட நேரத்தில் போனால் ஸ்ட்ரெச்சர் தள்ளியே நாள் ஓடிவிடும். யாரிடம் என்ன கற்கப் போகிறோம் என்று ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்துகொண்டு போவது நல்லது: இன்று சக்‌ஷன், அடுத்த முறை விஷம் குடித்தவர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். அவர்களுக்குக் கை பழகியிருக்கும்; தீர்மானிக்கும் திறனைத்தான் கூர்மையாக்க வேண்டியிருக்கும்.

## போனில் படிப்பது

நெறிமுறை எதற்காக மாறியது என்று புரிந்துகொள்ள, உடலியலை நினைவுபடுத்திக்கொள்ள, இரவு ஷிப்டில் கண் விழித்திருக்க இது நல்லது. அளவு கற்க மட்டும் இதை நம்பாதீர்கள்.

காரணம் இது. அமெரிக்க வீடியோவில் இதயம் நின்றவருக்கு அட்ரினலின் முழு ஊசியையும் ஏற்றுவார்கள். அவர்கள் கையில் இருப்பது 10 மி.லி.யில் 1 மில்லிகிராம் கரைத்து முன்கூட்டியே நிரப்பிய ஊசி. நம் பெட்டியில் இருப்பது 1 மி.லி.யிலேயே 1 மில்லிகிராம் இருக்கும் ஆம்பூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பி, பத்து மடங்கு அடர்த்தி. அவர்கள் அட்ரோபினும் 1 மில்லிகிராம் ஊசியாக வரும். நம்மிடம் பொதுவாக இருப்பது 0.6 மில்லிகிராம் ஆம்பூல். அட்ரினலினில் மில்லிகிராம் ஒன்றுதான், மி.லி. கணக்குத்தான் தப்பும்; அட்ரோபினில் வீடியோவின் "ஒரு ஊசி" என்பதை நம் ஊரில் "ஒரு ஆம்பூல்" என்று மனதில் பதித்துக்கொண்டால் மருந்தே குறைந்துபோகும். வாட்ஸப்பில் தேதி இல்லாமல் சுற்றும் அட்டவணைப் படங்கள் இன்னும் மோசம். மாரடைப்பு வந்தால் இருமிக்கொண்டே இருங்கள் என்ற செய்தி இன்றும் நம் குழுக்களில் வலம் வருகிறது. அதை நம் ஆட்களே முன்னனுப்புவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

## வண்டியிலேயே, பைலட்டும் இ.எம்.டி.யும்

நான் மற்ற நான்குக்கும் அடித்தளமாக வைப்பது இதைத்தான். அழைப்பு இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் போதும். ஷிப்ட் தொடக்கத்தில் எப்படியும் பெட்டியைச் சரிபார்த்தாக வேண்டும், அதையே பயிற்சியாக்கிக்கொள்ளலாம்.

முறை எளிது. பைலட் அண்ணா பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு ஆம்பூலை எடுத்துக் கேட்பார், "இது எதுக்கு தம்பி, எவ்வளவு, எங்க போடுவ, எப்ப போடக் கூடாது?" இ.எம்.டி. லேபிளைப் பார்த்து, அதில் எத்தனை மில்லிகிராம் என்று வாய்விட்டுப் படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். கொள்முதல் மாறும்போது ஆம்பூலின் நிறமும் லேபிளும் மாறும். நிறத்தைப் பார்த்து எடுக்கும் பழக்கத்தை இந்த ஒரு பயிற்சி உடைத்துவிடும்.

அட்ரினலினில் தொடங்குங்கள். ஒரே ஆம்பூல், இரண்டு வேலை. இதயம் நின்றவருக்கு 1 மில்லிகிராம் ரத்தக்குழாயில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. கடுமையான ஒவ்வாமையில் மூச்சு அடைத்து, அழுத்தம் இறங்கி நிற்கும் பெரியவருக்கு அதில் பாதி, 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். இதயம் துடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த முழு ஆம்பூலை ரத்தக்குழாயில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அடுத்து அட்ரோபின். ஆர்கனோபாஸ்பேட் விஷத்துக்குத் தொடக்க அளவு 1.8 முதல் 3 மில்லிகிராம். 0.6 ஆம்பூலில் அது மூன்று முதல் ஐந்து. ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் இரட்டிப்பு. அதிலும் அடங்காவிட்டால் மறுபடி இரட்டிப்பு. பெட்டியில் இருக்கும் ஆம்பூலை எண்ணுங்கள், எத்தனை நிமிடத்தில் தீரும் என்று தெரிந்துவிடும். கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் பேசும்போது "என்கிட்ட இத்தனைதான் இருக்குங்க, வழியில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கலாம்?" என்று கேட்கும் யோசனை இந்த எண்ணிக்கையிலிருந்துதான் வரும்.

கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட். 50 சதவீத ஆம்பூலில் 2 மி.லி.யில் 1 கிராம். இரண்டு பின்புறத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போடச் சொன்னால் மொத்தம் பத்து ஆம்பூல். ஓடும் வண்டியில் பத்து ஆம்பூலை உடைத்து ஏற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று காலி ஆம்பூல், தண்ணீர் வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். முழங்கால் தட்டினால் உதறுகிறதா, மூச்சு எத்தனை என்று பார்ப்பதும், அந்த மருந்து மிகுந்தால் முறிவாகப் போடும் கால்சியம் குளுக்கோனேட் எந்த அறையில் இருக்கிறது என்பதும் அதே பயிற்சியில் வர வேண்டும். பிரசவத்தில் பயன்படும் ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. கரூர், ஈரோடு சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேள்வி கேட்டால் போதும், பேச்சு தானாக நீளும்.

கருவிகளில் முதலில் ஆக்சிஜன் கணக்கு. பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். கேஜ் பாதியில் நின்றால் 750. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 75 நிமிடம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவு. எழுபத்தைந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்று எந்தப் பைலட்டும் வாக்குக் கொடுக்க மாட்டார். கொல்லிமலையின் எழுபது வளைவுக்கும் திம்பத்தின் இருபத்தேழு வளைவுக்கும் இந்தக் கணக்கை அவரவர் தூரத்தை வைத்துப் போட்டு, சிலிண்டர் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள். சிலிண்டர் திறக்கும் சாவி இருக்கும் இடம் இருவருக்கும் தெரிய வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டரில் விரலைப் பாருங்கள். திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்காரர், கல்யாண வீட்டில் மருதாணிக் கை, நகப்பூச்சு எல்லாம் அளவைக் குழப்பலாம். காது மடலில் வைத்துப் பார்க்கலாம். அங்கேயே சாயக்கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கினார் என்று அழைப்பு வந்தால், யார் கூப்பிட்டாலும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதை இருவரும் முன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே போய் நின்றபிறகு முடிவெடுக்க நேரம் இருக்காது.

சக்‌ஷன் சார்ஜில் இருக்கிறதா, ஏ.இ.டி. பேடின் காலாவதித் தேதி, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த தேதி — இவை சீக்கிரம் முடியும், தினமும் பாருங்கள்.

இந்த வழியின் ஆபத்து, இருவருமே தப்பாக நினைத்திருந்தால் அந்தத் தப்பு பழகி இறுகிவிடும். திருத்த மூன்றாவது ஆள் இல்லை. அதனால் நிறுவனம் கொடுத்த நெறிமுறைத் தாளின் சமீபத்திய பிரதியை முன்னால் வைத்துக்கொண்டே செய்யுங்கள்; சந்தேகம் வந்தால் எழுதிவைத்து அடுத்த பயிற்சி நாளில் கேளுங்கள். ஷிப்ட் மாறி மாறி வேறு பைலட் வந்தாலும் ஒரு வகையில் நல்லதே.

பைலட்டை இதில் சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி ஓடும்போது பின்னால் இ.எம்.டி. தனியாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி நெஞ்சை அழுத்த வேண்டும் என்கிறது நெறிமுறை. ஆள் இல்லை. எனவே வண்டி கிளம்பும் முன், சம்பவ இடத்தில் இருவரும் சேர்ந்து எவ்வளவு நேரம் செய்வது, உறவினர் ஒருவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தால்தான் முடியும். சி.பி.ஆர். மேனிக்கின் இல்லாவிட்டால் கெட்டியான தலையணையிலாவது வேகத்தைப் பழகலாம். ஆழத்துக்கு மட்டும் மேனிக்கின் தேடிப் போக வேண்டும்.

## யாருக்கு எது

புதிதாகச் சேர்ந்தவர் நிறுவனப் பயிற்சியும் வண்டிப் பயிற்சியும் செய்தால் போதும். கூட ஒரு பி.எல்.எஸ். மலை வண்டிக்காரருக்குப் பச்சிளங்குழந்தைப் பயிற்சியும் ஆக்சிஜன் கணக்கும். நெடுஞ்சாலை வண்டிக்கு விபத்துக்காயக் கோர்ஸ். மானிட்டரும் டீஃபிப்ரிலேட்டரும் உள்ள உயர்நிலை வண்டிக்கோ, மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றும் வண்டிக்கோ போகிறவருக்கு ஏ.சி.எல்.எஸ். தகும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கும் அந்த அட்டை வேண்டியிருக்கும். அது வேலைக்கான செலவு என்று தெரிந்தே கட்டுங்கள். அனுபவசாலிகளுக்குக் காஷுவாலிட்டி.

தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் என்னிடம் கேட்கிறார்கள். நோயாளியோடு பின்னால் பயிற்சி பெற்ற ஆளே இல்லாமல் ஓடும் வண்டிகள் நிறைய. அவர்களுக்கு மருந்துப் பாடம் வேண்டாம். ஒருநாள் பி.எல்.எஸ்., ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவது, மயங்கியவரைப் பக்கவாட்டில் படுக்கவைப்பது, ஆக்சிஜன் சிலிண்டரை இயக்குவது. இவ்வளவே அவர்கள் வண்டியில் நிறைய உயிர்களைக் காக்கும்.

எந்த கோர்ஸானாலும் பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு மேனிக்கினுக்கு எத்தனை பேர்? எந்த வருட வழிகாட்டுதலைப் பாடமாக எடுக்கிறார்கள்? சந்தேகத்தைத் தமிழில் கேட்டால் விளக்குவார்களா? தேர்வில் தவறினால் மறுபடி எழுதக் கட்டணம் உண்டா? மேனிக்கினுக்குப் பத்துப் பேர் என்று பதில் வந்தால், அடுத்த மையத்துக்குப் போன் போடுங்கள்.